பாண்டி மணலைக் கடல் தின்றதற்கு வானத்தில் ஒரு சாட்சி

வீக்எண்ட் வந்தால் பாண்டி பீச் ரோட்டில், காந்தி சிலை பக்கம் செல்ஃபி எடுக்கிறோம். பின்னால் தெரிவது கருங்கல் குவியல். 'ராக் பீச்' என்று பெயரும் வைத்தாச்சு. அங்கே ஒரு காலத்தில் மணல் இருந்தது என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

அதைப் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. பெயர் லேண்ட்சாட் 5. 1984 மார்ச் 1-ல் அமெரிக்கா ஏவிய செயற்கைக்கோள். 3 வருஷம் உழைத்தால் போதும் என்று செய்தார்கள். அது 2013 வரை ஓடி, நீண்ட காலம் இயங்கிய புவி கண்காணிப்பு செயற்கைக்கோள் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 705 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு, 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்பி வரும்.

இதில் நமக்கு என்ன? அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தது 1980-களின் பிற்பகுதியில். அதற்கு முன்பே லேண்ட்சாட் 5 மேலே இருந்தது. சுவருக்கு முன், சுவருக்குப் பின் இரண்டையும் ஒரே கேமரா பார்த்திருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமையாது.

நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, நகரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கல்லைக் கொட்டி நகரத்தைக் காப்பாற்றினார்கள். அரிப்பு நிற்கவில்லை. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போய், எல்லை தாண்டி தமிழகத்தின் பொம்மையார்பாளையம் வரை மீனவர்களின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர். படகெல்லாம் தெரியாது. ஆனால், வருஷவாரியாக அடுக்கிப் பார்த்தால் கரை எந்தப் பக்கம் வளர்ந்தது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்பது தெரிந்துவிடும். 2008-லிருந்து படங்கள் எல்லாருக்கும் இலவசம். லேண்ட்சாட் 8, 9 இன்றும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

2018-ல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்பு அமைப்பை இறக்கியது. கொஞ்சம் மணல் திரும்பியது, சந்தோஷம். ஆனால் கல் கொட்டுவது, தூண்டில் வளைவு போடுவது எல்லாம் இன்னமும் குப்பம் குப்பமாகத்தான் முடிவாகிறது. பாண்டி ஒரு பக்கம், தமிழகம் ஒரு பக்கம். மணலுக்கு எல்லைக்கோடு தெரியுமா?

அடுத்த கல் கடலில் விழும் முன், இரண்டு அரசுகளும் அந்த இடத்தின் 40 வருஷப் படங்களை வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்து மக்கள் முன் விரித்துக் காட்டட்டும்.