கண்டெடுத்தது எல்லாம் காரணம் ஆகாது

‘சிறுநீர்ப்பைப் புற்றுத் திசுவில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் டி.என்.ஏ. காணப்பட்டது, எனவே புற்றுக்கு அவ்வைரஸே காரணம்.’ இவ்வடிவிலான முடிவுரைகளை நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காண்கிறேன். அந்த ‘எனவே’ தன் தகுதிக்கு மீறிய பாரத்தைச் சுமக்கிறது என்பதே என் வாதம்.

ஐயம் எழுவதற்கு நியாயம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் இவ்வைரஸின் பங்கைக் கண்டறிந்தமைக்காக ஹரால்ட் சுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐச் சிதைக்கிறது. ஈ7 புரதம் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் இவ்விரு காவல்களும் சிறுநீர்ப்பைத் தசைக்குள் ஊடுருவிய புற்றுகளிலும் பெரும்பாலும் பழுதுபட்டிருக்கின்றன. ஆகவே அங்கும் வைரஸைத் தேடுவது இயல்பே.

ஆனால் பழுது நேர்ந்த விதம் வேறு. கருப்பைவாய்ப் புற்றில் பி53-க்கான மரபணு பெரும்பாலும் பிறழாமலே இருக்கிறது. புரதத்தை வைரஸே அழித்துவிடுவதால் மரபணு பிறழத் தேவை எழுவதில்லை. ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றுகளிலோ, ஏறத்தாழப் பாதியில் அம்மரபணுவே பிறழ்ந்திருக்கிறது. கதவு திறந்து கிடக்கையில் சுவரை இடிப்பார் உண்டோ?

பி16 சாயமூட்டலும் நம்மை ஏமாற்றக்கூடும். தொண்டைப் புற்றில் அதன் மிகைவெளிப்பாடு வைரஸின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஆர்பி செயலிழந்தாலே பி16 மிகும்; செயலிழக்கச் செய்தது வைரஸா, மரபணு இழப்பா என்பதைச் சாயம் சொல்லாது. மேலும், சிறுநீர்ப்பைத் திசு பெரும்பாலும் சிறுநீர்த்தாரை வழியாகவே எடுக்கப்படுகிறது. அப்பாதையில் இருக்கும் வைரஸும் மாதிரியுடன் வந்துவிடலாம்.

என் சொந்த அனுபவமும் ஒன்று. ஜெல்லில் தோன்றிய மங்கலான ஒரு பட்டையைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். சோதனையை மறுமுறை செய்தபோது, வெறும் நீர் இட்ட கட்டுப்பாட்டிலும் அதே பட்டை நின்றது. ஆய்வேட்டிலிருந்து ஓர் அத்தியாயம் போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை.

வைரஸ்கள் குற்றமற்றவை என்று நான் கூறவில்லை. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர் சிலரின் சிறுநீர்ப்பைப் புற்றில் பி.கே. பாலியோமா வைரஸ் மரபணுத்தொகுதியோடு இணைந்தும், அதன் பெரிய டி புரதம் வெளிப்பட்டும் இருக்கக் கண்டுள்ளனர். அத்தகைய சான்றையே நான் கேட்கிறேன்: ஈ6, ஈ7 ஆகியவற்றின் ஆர்.என்.ஏ. வெளிப்பாடு, வைரஸ் இணைந்த இடம், அருகிலுள்ள நலமான திசுவுடன் ஒப்பீடு. இவை இல்லையெனில் ‘காணப்பட்டது’ என்று எழுதி நிறுத்திக்கொள்வோம்.

இது சொற்சண்டை அன்று. இந்நோய்க்கு நன்கு நிறுவப்பட்ட முதன்மைக் காரணி புகையிலைப் புகை. உறுதியற்ற ஒரு காரணியை நாம் பெரிதாக்கினால், பீடியை அணைக்க வேண்டிய நோயாளியின் கவனம் வேறு பக்கம் திரும்பும். எதிர்மறை முடிவையும் ஏற்கும் துணிவு நம் நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் வேண்டும்.