ஏசி இருக்கு, சரி. பிரேக் ஒயில் எப்ப மாத்தினது?

பட்ச் ட்ரிப் எண்டால் முதல் வேலை வான் பிடிக்கிறது. ஏசி இருக்கா, சப்வூஃபர் இருக்கா, கிலோமீற்றருக்கு எவ்வளவு எண்டெல்லாம் விசாரிக்கிறம். பிரேக் ஒயில் கடைசியா எப்ப மாத்தினது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. கேக்கவேணும் எண்டுதான் சொல்ல வாறம். கலைப்பீடத்துக்கு இது என்னத்துக்கு எண்டு சிரிக்கிறவை இருப்பினம். அந்த வானுக்குள்ள இருக்கப்போறது நாங்கள்தானே.

பிரேக் ஒயில் உண்மையில் எண்ணெய் இல்லை. வழமையாகப் பாவிக்கிற டொட் 3, டொட் 4 இரண்டும் கிளைக்கோல் வகைத் திரவங்கள். ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. மூடி இறுக்கமாக இருந்தாலும் றப்பர் ஹோஸ் வழியாக ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். வாகனம் ஓடாமல் நின்றாலும் போகும். புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4க்கு அது 230, பிறகு 155. கொதித்தால் குழாய்க்குள்ள ஆவி. திரவத்தை அமத்தேலாது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வான் நிக்காது.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். இங்க ஓடுற வானுக்கு பிரேக் அவ்வளவு சூடாகிறதேயில்லை. ஒயில் எவ்வளவு பழசானாலும் பெடலில தெரியாது. ஆயிரம் மீற்றருக்கு மேல இருக்கிற எல்லயிலிருந்து வெல்லவாய பக்கம், ஆளும் பையுமா நிறைச்சுக்கொண்டு இறங்கேக்கதான் அதுக்குச் சோதனை. கியரைக் குறைச்சு இறக்கிற டிரைவர் எண்டால் பிரேக்குக்கு வேலை குறையும். எல்லாரும் அப்பிடி இறக்கிறேல்ல. (பெரிய பஸ்ஸுகளுக்கு எயார் பிரேக், அது வேற கதை. அங்கயும் தாங்கியில சேருற தண்ணியை வடிக்கவேணும்.)

கராஜில வழமையா நடக்கிறது, குறைஞ்சால் ஊத்திவிடுறது. ஊத்தினால் உள்ளே இருக்கிற தண்ணீர் போகாது. பிரேக் பாட் தேஞ்சாலும், எங்கயாவது ஒழுகினாலும்தான் மட்டம் குறையும். ஊத்தினால் அந்த அடையாளமும் மறைஞ்சிடும். எயார் எடுத்தாச்சு எண்டு சொல்லுறதும் போதாது. குமிழ் போகும், கரைஞ்ச ஈரம் பழைய ஒயிலோடயே இருக்கும். போத்தலில இருக்கிற பழசை உறிஞ்சி எடுத்து, புதுசை நிரப்பி, ஒராள் பெடலை மிதிச்சுப் பிடிக்க மற்றாள் சில்லடி நிப்பிளைத் திறந்து, பெடலை விடமுதல் பூட்டவேணும். நாலு சில்லிலயும் தெளிஞ்ச ஒயில் வரும்வரைக்கும் இதுதான் வேலை. இடையில போத்தல் வத்தவிட்டால் திரும்ப எயார் ஏறும். ஊத்துற ரின்னும் சீல் உடைக்காததா இருக்கவேணும், திறந்து வச்சதும் ஈரம் குடிச்சிருக்கும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களே கைமாறிக் கைமாறி ஓடின. புகைப் பரிசோதனை இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கேலாது. அந்தப் பரிசோதனையில பிரேக் ஒயிலைப் பாக்கிறேல்ல. ஆக, கேக்கிறது வாடகைக்குப் பிடிக்கிற எங்கட வேலை.

ரெண்டு வருசத்துக்கு மேல எண்டாலும், "அதெல்லாம் பாத்தாச்சு தம்பி" எண்டு மட்டும் சொன்னாலும், மாத்திப்போட்டு வாங்கோ அண்ணை எண்டு சொல்லுவம். அதுக்காக வாடகையைக் கூட்டிக் கேட்டால் சப்வூஃபர் இல்லாத வானாப் பாப்பம்.