பத்து லட்சம் முடிவுகளா? எங்கே, காட்டுங்கள் பார்க்கலாம்!

இன்டர்நெட்டில் ஒரு சொல்லைக் கொடுத்து என்டர் தட்டினால், அரை நொடிக்குள் "சுமார் இத்தனை லட்சம் முடிவுகள்" என்று கூகுள் பல ஆண்டுகளாகப் பக்கத்தின் தலையிலேயே காட்டி வந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை மலைக்க வைத்த எண் இது. இதை நம்பி நம்மவர்கள் செய்த காரியங்கள் கொஞ்சமா? கோவில் சரியா, கோயில் சரியா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் தேடிப் பார்ப்பது, எதற்கு அதிக எண் வருகிறதோ அதுவே சரி என்று தீர்ப்புச் சொல்வது. அகராதியைத் திறக்க வேண்டிய கேள்விக்கு இப்படி ஒரு வாக்கெடுப்பு!

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். எடுத்துக்காட்ட முடியாத எண்ணைத் தேடுதல் தளங்கள் நம் முன் வைக்கக் கூடாது. வைத்தால், அது மதிப்பீடுதான் என்பதையும், எத்தனையாவது முடிவோடு கதவு மூடப்படும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கூகுளில் எதையாவது தேடி, இரண்டாம் பக்கத்தைக் கிளிக் செய்திடுங்கள். மேலே அட்ரஸ் பாரில் உள்ள நீளமான வரியில் 'ஸ்டார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதனருகே 10 என்ற எண்ணும் இருக்கும். முதல் பத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து கொடு என்பது இதன் பொருள். மூன்றாம் பக்கத்தில் இது 20 ஆகும். அந்த எண்ணை 900 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். லட்சக்கணக்கில் முடிவுகள் உண்டு என்ற தேடலும் சில நூறுக்குள் முடிந்து போயிருப்பதைக் காண்பீர்கள்.

நாம் மவுஸால் புரட்டுவதை ஒரு புரோகிராம் தானாகச் செய்வதற்கு, தளங்கள் தனி வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கின்றன. இதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். படம், விளம்பரம் எதுவும் இல்லாமல் வெறும் விவரங்களை மட்டும் தரும் கவுன்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். கூகுள் 2002 ஏப்ரலில் இப்படி ஒன்றை இலவசமாகத் திறந்தது. ஒரு முறைக்குப் பத்து முடிவுகள், ஒரு நாளைக்கு 1,000 கேள்விகள், எந்தத் தேடலிலும் ஆயிரமாவது முடிவைத் தாண்டக் கூடாது என்பவை விதிகள். 2006 டிசம்பரில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி, 2009ல் மூடியும் விட்டார்கள்.

அந்தக் கவுன்டர் அனுப்பிய பதிலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மொத்தம் எத்தனை என்ற மதிப்பீட்டோடு, "இந்த மதிப்பீடு துல்லியமானதா?" என்பதற்கு ஆம், இல்லை என்று தனியாக ஒரு விடையும் வரும். புரோகிராம் எழுதுபவருக்கு உண்மை இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து தேடிய நமக்குக் கிடைத்ததோ 'சுமார்' என்ற ஒரே சொல். அதை யார் படித்தார்கள்?

யூடியூப்பும் இப்படித்தான். அதன் ஏ.பி.ஐ. விளக்கக் குறிப்பில், மொத்த எண்ணிக்கை தோராயமானது, அது 10 லட்சத்துக்கு மேல் போகாது, பக்க எண்களை அமைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதாவது, பத்து லட்சம் என்று பதில் வந்தால் அது எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, உச்சவரம்பு!

ஏன் கடைசி வரை காட்டுவதில்லை? கருமித்தனம் மட்டும் காரணம் அல்ல. ஒரு பெரிய தேடுதல் தளத்தின் அட்டவணை பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். நூறு கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக் கொள்வோம். முதல் பக்கத்துக்கு ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள சிறந்த பத்தைத் தந்தால் போதும். ஆயிரம் பெயர்களை வரிசைப்படுத்திப் பத்தை எடுத்து விடலாம். நூறாவது பக்கத்துக்கோ ஒவ்வொன்றும் ஆயிரம் தர வேண்டும். ஒரு லட்சம் பெயர்களை அடுக்கி, 99,990ஐத் தூக்கிப் போட்டுவிட்டுப் பத்தைக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்க்க வருபவரோ ஆயிரத்தில் ஒருவராக இருந்தால் அதிகம். தளத்தையே மொத்தமாக நகல் எடுத்துச் செல்பவர்களைத் தடுப்பதும் இன்னொரு நோக்கம். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்துவதைத்தான் குறை சொல்கிறேன்.

எண்ணை வைத்துப் பக்கம் புரட்டுவதில் வேறொரு வில்லங்கமும் இருக்கிறது. நீங்கள் முதல் பக்கத்தைப் படித்துக் கொண்டிருக்கும்போது வரிசையின் முன்னால் புதிதாக ஒன்று சேர்ந்தால், பத்தாவதாக இருந்தது பதினொன்றாகி இரண்டாம் பக்கத்தில் மீண்டும் வரும். இது தொல்லை அவ்வளவே. மாறாக, முதல் பத்தில் ஒன்று நீக்கப்பட்டால் பதினொன்றாவது நழுவிப் பத்தாவது இடத்துக்குப் போய்விடும். நீங்கள் அடுத்த பக்கம் போனால் அது இருக்காது. இரண்டு பக்கங்களையும் ஒழுங்காகப் படித்தும் ஒன்று கண்ணில் படாமலே போகும். தவறியது தெரியக்கூட வழியில்லை. யூடியூப் பக்க எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன் தருகிறது. அடுத்த முறை அந்த டோக்கனைக் காட்டினால் அடுத்த பக்கம் கிடைக்கும்.

"இரண்டாவது பக்கத்துக்கே யாரும் போவதில்லை, பிறகு ஏன் இந்தக் கவலை?" என்று சிலர் கேட்பார்கள். மிக்ஸி விலை பார்ப்பவருக்கு முதல் பக்கம் போதும். தாத்தாவின் ஊரைப் பற்றிய பழைய அறிக்கையையோ, அரசு தளத்தின் மூலையில் கிடக்கும் உதவித்தொகை அறிவிப்பையோ தேடுபவருக்குப் போதாது. அவர் நான்கு பக்கம் புரட்டி, பட்டியல் முடிந்ததும் "இன்டர்நெட்டில் இல்லை" என்று எழுந்து விடுகிறார். முடிந்தது பட்டியல்தான். விண்ணப்பிக்கக் கடைசி நாள் கடந்த பிறகு அதே அறிவிப்பை வேறொருவர் காட்டும்போது யாரை நோவது?

நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. விக்கிப்பீடியாவின் ஏ.பி.ஐ. ஒரு முறைக்குப் பத்து முடிவுகளைத் தருகிறது. கேட்டால் 500 வரை தரும். மிச்சம் இருந்தால், எந்த எண்ணிலிருந்து தொடர வேண்டும் என்று பதிலிலேயே எழுதி அனுப்புகிறது. கிட்ஹப் ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளோடு நிறுத்திக் கொள்கிறது. ஆனால் உரிய நேரத்துக்குள் தேடி முடிக்க இயலாவிட்டால் "இது முழுமையான விடை அல்ல" என்று குறியிட்டு விடுகிறது. புரோகிராம் எழுதுபவர்களுக்குக் காட்டும் இந்த மரியாதையை நம் திரையிலும் காட்ட ஒரே ஒரு வரி போதும்.

அதுவரை, வரம்பில் முட்டிக் கொள்ளும் புரோகிராமர்கள் செய்வதை நீங்களும் செய்யலாம். ஒரு பெரிய தேடலைப் பல சிறிய தேடல்களாக உடையுங்கள். கூகுளில் 'டூல்ஸ்' பட்டனைக் கிளிக் செய்து, தேதி வரம்பைக் கொடுத்து ஒவ்வோர் ஆண்டாகத் தேடுங்கள். ஊர்ப் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். பிறகு அதே ஊரை நீங்கள் அறிந்த வேறு எழுத்துக்கூட்டல்களில், தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியல் புதிதாகத் தொடங்கும்.