வந்து போனவர்களும் வாழ்ந்து போனவர்களும்

ஓர் ஊரின் கீர்த்தி இரண்டு வழிகளில் பரவுவதுண்டு. பெரிய மனிதர் ஒருவர் என்றோ ஒரு நாள் அங்கே வந்து, உண்டு, உறங்கி, ஊர் திரும்பினார் என்பதனால் பரவுவது ஒன்று. அங்கேயே பிறந்தோ, பிழைப்புத் தேடி அங்கே வந்தோ, உழைத்து, வரி கொடுத்து, வழக்காடி, அந்த மண்ணிலேயே அடக்கமானவர்களால் உண்டாவது மற்றொன்று. முன்னதற்குப் பலகை நாட்டுவது சுலபம். பின்னதற்குப் பலகை நாட்டப் புகுந்தால் தெருவுக்குத் தெரு நாட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், அயோவா ராஜ்யத்தின் கிழக்கு எல்லையில், மிஸிஸிப்பி நதிக்கரையில் அமைந்த மஸ்கட்டீன் என்னும் சிறு நகரத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம், இவ்விரண்டில் எது மெய்யான பெருமை என்ற யோசனை எனக்கு எழாமல் இருப்பதில்லை.

நகரம் மிகச் சிறியது. ஜனத்தொகை ஏறக்குறைய 24,000. பொதுவாகத் தெற்கு நோக்கியே பாயும் மிஸிஸிப்பி, டாவன்போர்ட் நகரத்தை ஒட்டி மேற்கு முகமாகத் திரும்பி, மஸ்கட்டீனை வந்து தொட்டதும் மறுபடியும் தெற்கே வளைகிறது. இந்த வளைவில், பின்புறம் மேட்டு நிலமும் முன்புறம் நதியுமாக, ஊர் படிப்படியாக இறங்கி நிற்கிறது. எதிர்க்கரை இலினாய் ராஜ்யம். தெற்கே பரந்து கிடக்கும் மணற்பாங்கான தாழ்நிலத்தில் விளையும் முலாம்பழத்துக்கும் தர்ப்பூசணிக்கும் சுற்று வட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு. நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், அவற்றின் உலைக்கு விறகு கொடுத்தும், மரம் அறுத்தும், தானியம் ஏற்றியும் ஊரார் ஜீவனம் செய்தார்கள். முதலில் புளூமிங்டன் என்று வழங்கிய இவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் மஸ்கட்டீன் என்ற பெயரைப் பூண்டது.

விருந்தினரால் வந்த கீர்த்திக்கும் இங்கே குறைவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் தமையனார் ஓரியன் கிளெமென்ஸ் 1853-இல் இவ்வூர்ப் பத்திரிகையில் பங்குதாரராகச் சேர்ந்தார்; தாயாரும் அவருடன் வந்து வசித்தார். அப்போது இருபது வயதும் நிரம்பாதிருந்த தம்பி, பிற நகரங்களிலிருந்து கடிதங்கள் எழுதி அப்பத்திரிகையில் வெளியிட்டதோடு, சிறிது காலம் இங்கே தங்கியும் போனார். பிற்காலத்தில், 1883-இல் வெளிவந்த மிஸிஸிப்பி பற்றிய தம் நூலில், இவ்வூரின் சூரியாஸ்தமனத்தை அவர் வாயாரப் புகழ்ந்துவிடவே, அன்று முதல் மஸ்கட்டீனுக்கு வானத்து வர்ணங்களும் ஒரு சொத்தாகிவிட்டன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1985-இல், சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து கால்நடைத் தீவனம் பற்றி அறிந்துகொள்ள ஒரு சிறு தூதுக்குழு வந்தது. அதன் தலைவரான இளம் அதிகாரி, ஒரு குடும்பத்தார் வீட்டில், கல்லூரிக்குப் போயிருந்த பிள்ளையின் அறையில், இரண்டு இரவுகள் தங்கினார். அவர் பெயர் ஷி ஜின்பிங். 2012 பிப்ரவரியில், சீனாவின் உப ஜனாதிபதி என்ற அந்தஸ்தில் அவர் மறுபடியும் இங்கு வந்து, பழைய முகங்களைத் தேடி அமர்ந்து தேநீர் அருந்தியபோது, உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் தேசப்படத்தில் மஸ்கட்டீனைத் தேடலானார்கள்.

விருந்தோம்பலைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். அந்நிய தேசத்து அதிகாரியைத் தங்கள் பிள்ளையின் கட்டிலில் படுக்க வைத்த அந்தக் குடும்பத்தாரின் நற்குணம் போற்றத் தக்கதே. ஆயினும் இரண்டு இரவுகளின் கதை ஓர் ஊரின் கதை ஆகிவிடாது. ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நதியின் அடியில் கிடந்த சிப்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தின் அருகே, கொம்பிலும் எலும்பிலும் சிப்பியிலும் பொத்தான் கடைந்து பிழைத்தவர் ஜான் பிரெடரிக் போப்பிள். 1887-இல் அமெரிக்கா வந்து சேர்ந்த அவர், உள்நாட்டு நதிகளில் தடித்த ஓடும் முத்துப் போன்ற பளபளப்பும் உடைய சிப்பிகள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். 1890-இல் மெக்கின்லி சட்டம் அந்நியப் பொத்தான்களின்மீது கடுமையான சுங்கவரி விதித்ததும், கேட்பாரற்றுக் கிடந்த ஓட்டுக்கு விலை பிறந்தது. 1891-இல் போப்பிள் மஸ்கட்டீனில், காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் பட்டறை ஒன்றோடு தொழிலைத் தொடங்கினார். பதினைந்து வருஷம் செல்வதற்குள் ஊரே பொத்தான் ஊராயிற்று. 1905-இல் மட்டும் இங்கே செய்யப்பட்ட பொத்தான்கள் 150 கோடி; உலகத்தில் அவ்வருஷம் உண்டான பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது இச்சிறு நகரத்தின் கைவேலை என்று கணக்குச் சொல்கிறார்கள். எந்தத் தேசத்தில் எவர் சட்டையைப் பூட்டினாலும், அந்த விரல்கள் மிஸிஸிப்பியைத் தொட்டிருக்கக் கூடிய காலம் அது.

அந்தப் பொத்தான் உருவான விதத்தைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். ஒரு நீண்ட கம்பியிலிருந்து கயிறுகள் தொங்கும். கயிறுதோறும் நான்கு முனைகளாக வளைத்த கொக்கிகள் வரிசையாகக் கட்டியிருக்கும். படகுக்காரர் இதை நதியின் அடியில் மெல்ல இழுத்துச் செல்வார். நீரோட்டத்தில் வரும் இரைக்காக வாயைச் சற்றே திறந்து படுத்திருக்கும் சிப்பி, கொக்கி பட்டவுடன், ஆபத்து வந்ததென்று பலமாக மூடிக்கொள்ளும். தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த அச்செயலே அதற்கு வினையாகி, கொக்கியைக் கவ்வியபடியே அது மேலே வந்துவிடும். கரையில் ஆவியில் வேக வைத்து, சதையை நீக்கி, ஓட்டைத் தரம் பிரித்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். அங்கே வெட்டுகிறவன், ஊறவைத்த ஓட்டைக் கையில் பிடித்துச் சுழலும் குழாய் ரம்பத்தின்முன் நீட்டி, வட்ட வட்டமாக வில்லைகளை அறுத்தெடுப்பான். பின்னர் வில்லையைத் தேய்த்து, முகம் கடைந்து, இரண்டு கண்ணோ நான்கு கண்ணோ துளைத்து, மெருகேற்ற வேண்டும். முடிந்த பொத்தான்களை அட்டையில் தைக்கும் வேலை வீடுகளுக்குப் போகும். மாலை வேளையில் தாயும் பிள்ளைகளும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து அதைச் செய்வார்கள். வட்டத் துளைகள் நிறைந்த கழிவு ஓடுகளோ பள்ளம் நிரப்பவும் பாதை பரப்பவும் பயன்பட்டன. இன்றும் அவ்வூரில் மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு அவை கிடைப்பதுண்டு.

பொத்தானின் மினுக்கைக் கண்டவர்கள் பட்டறையின் தூசியைக் கண்டதில்லை. ஓட்டுத்தூள் மார்பில் படியும். ரம்பம் விரலைப் பதம் பார்க்கும். ஈரக் கைகளில் ஏற்பட்ட கீறல்கள் சீழ் பிடிக்கும். கூலியோ குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வாய்பாடு. ஆனால் சேதாரத்துக்கு ஈடென்று அதற்கு மேலும் எண்ணி வாங்கிக்கொண்டு 144-க்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்பது வெட்டுகிறவர்களின் நெடுநாள் முறையீடு. சங்கம் தோன்றியது. 1911-இல் முதலாளிகள் ஆலைக் கதவுகளை அடைக்க, தொழிலாளர் வீதிக்கு வர, கலகம் முற்றி, ராஜ்யத்துச் சேனையையே கவர்னர் அனுப்பும்படி ஆயிற்று.

அந்தப் போராட்டத்தில் முன்நின்றவர்களுள் ஒருவர் பேர்ல் மக்கில். ஆசிரியையாகப் படிக்கப் பணம் சேர்க்கலாம் என்று கிராமத்திலிருந்து பொத்தான் ஆலைக்கு வந்த பெண். அப்போது வயது பதினாறு, பதினேழுதான். கூட்டம் கூட்டமாக எதிரே நின்றவர்களிடம் சங்கத்தின் நியாயத்தை எடுத்துரைத்தும், வெளியூர்களில் அலைந்து நிதி திரட்டியும், 1912-இல் மாஸாசூஸெட்ஸில் லாரன்ஸ் நெசவாலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டும் அவர் ஆற்றிய பணியை நினைத்தால், வயதுக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பது தெளிவாகிறது. மஸ்கட்டீனில் சங்கம் தோற்றது. பேர்ல் மக்கில், தாம் விரும்பியபடியே பின்னர் ஆசிரியையானார். ஆனால் 1924-இல், விவாகரத்தான கணவன் கையால் சுடப்பட்டு, முப்பது வயதை எட்டுமுன் மாண்டார்.

இதற்கிடையே நதி வற்றாமலிருக்க, சிப்பி வற்றிக்கொண்டு வந்தது. வளர்வதற்குப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும் ஜீவனை ஒரே பருவத்தில் வாரியெடுத்தால் மிஞ்சுவது என்ன? ஊருக்கு மேலே ஃபேர்போர்ட் என்ற இடத்தில் மத்திய சர்க்கார் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவியது. சிப்பியின் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில காலம் வாழ்ந்தபின்தான் நதியடியில் இறங்கித் தனி வாழ்வு தொடங்கும் என்பதால், விஞ்ஞானிகள் மீன்களில் குஞ்சுகளை ஏற்றி நதியில் விட்டார்கள். ஆனால் எடுக்கும் கை வேகத்துக்குக் கொடுக்கும் கை ஈடு கொடுக்கவில்லை. சாக்கடையும் வண்டலும் அணைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. யந்திரங்களின் வரவால் சொந்தத் தொழிலை இழந்த போப்பிள், சர்க்காரின் சிப்பி நிபுணராகி, நதியில் இறங்கி வேலை செய்கையில் ஓடு ஒன்று காலைக் கிழித்து, புண் புரையோடி, 1912-இல் காலமானார். பிளாஸ்டிக் பொத்தான் வந்து, 1960-களின் இறுதிக்குள் சிப்பிப் பொத்தானின் கதையை முடித்தது. அந்நதிச் சிப்பிகளில் சில ஜாதிகள் இன்று அழிவின் விளிம்பில் உள்ளவையாகச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. ஊரைப் பிழைக்க வைத்த ஜீவனை ஊர் பிழைக்க விடவில்லை என்பது மஸ்கட்டீன்மீது நிற்கும் பழி.

பழியைச் சொன்ன வாயால் புகழையும் சொல்ல வேண்டும். பொத்தான் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1842-இல், பதினாறு வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் இவ்வூரில் வந்து இறங்கினார். அலெக்ஸாண்டர் கிளார்க் என்று பெயர்; தொழில் க்ஷவரம். கத்தி பிடித்துச் சேர்த்த காசில் மரம் வாங்கி நீராவிக் கப்பல்களுக்கு விற்று, நிலம் வாங்கி, மதிப்புள்ள குடியானார். 1867-இல் அவருடைய பன்னிரண்டு வயது மகள் சூசன், வீட்டருகில் இருந்த பொதுப் பள்ளிக்குப் போனபோது, கறுப்புப் பிள்ளைகளுக்கென்று வேறு பள்ளி உண்டென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் பள்ளி நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1868-இல் அயோவாவின் உச்ச நியாயஸ்தலம், நிறத்தைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைப் பொதுப் பள்ளியிலிருந்து விலக்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க தேசம் முழுவதற்குமாக அந்த நியாயத்தை வாஷிங்டனில் உள்ள பெரிய நியாயஸ்தலம் உரைத்தது 1954-இல். ஒரு க்ஷவரத் தொழிலாளியும் அவர் மகளும் தேசத்துக்கு எண்பத்தாறு வருஷம் முன்னே நடந்துவிட்டார்கள்.

கிளார்க் அத்துடன் ஓயவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில், 1884-இல், சட்டக் கல்லூரியில் தேறினார். அதே கல்லூரியில் அவருடைய மகன் அவருக்கு முன்பே தேறியிருந்தான் என்பது ஒரு ரசமான செய்தி. 1890-இல் லைபீரிய நாட்டுக்கு அமெரிக்கத் தூதராக நியமனம் பெற்று, மறு வருஷம் அங்கேயே மரித்தார். அவருடைய உடலை மஸ்கட்டீனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1970-களில், முதியோருக்கு மாடிக் குடியிருப்புக் கட்டுவதற்காக அவருடைய வீட்டை இடிக்க இருந்தபோது, ஊரார் சிலர் முனைந்து, வீட்டை அப்படியே பெயர்த்துச் சற்றுத் தள்ளி நிறுத்திக் காப்பாற்றினார்கள். இன்று அந்நகரில் ஒரு பள்ளி சூசன் கிளார்க்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

எல்லாக் குடிகளும் உத்தமர்கள் என்று நான் வாதிக்கவில்லை. இதே மண்ணில் பிறந்த நார்மன் பேக்கர் என்பவர், 1925-இல் சொந்த வானொலி நிலையம் வைத்து, வைத்தியப் படிப்பே இல்லாமல் புற்றுநோயைத் தீர்ப்பதாக முழங்கி, நம்பி வந்த நோயாளிகளின் பணத்தையும் காலத்தையும் கொள்ளை கொண்டார். கடைசியில் வேறு ராஜ்யத்தில், தபால் வழியே மோசடி செய்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். ஊர் என்றால் இவரையும் சேர்த்துத்தான். பெருமையை மட்டும் எழுதி வைப்பது விளம்பரமே தவிரச் சரித்திரமாகாது.

இன்று மஸ்கட்டீன் தக்காளிச் சாறு காய்ச்சியும், அலுவலகத்து நாற்காலி மேசைகள் செய்தும், மக்காச்சோளத்தை அரைத்தும் பிழைக்கிறது. பொத்தானுக்கென்று ஒரு பொருட்காட்சிசாலையும் அங்கே உண்டு. சீனத் தலைவர் படுத்துறங்கிய வீட்டையும் யாத்திரிகர்கள் பார்க்கிறார்கள்; பார்க்கட்டும். என்னைக் கேட்டால், அவ்வூரில் முதலில் காண வேண்டியது, இடம் பெயர்த்து நிறுத்திய அந்த வீடுதான். பெரியவர்கள் வந்து தங்கியதால் ஓர் ஊருக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் தன் குழந்தைக்கு நியாயம் கேட்டு ஒரு குடிமகன் படியேறிய ஊருக்குத்தான் பெருமை உண்டு. வாசகர்கள் எந்த ஊருக்குப் போனாலும், இங்கே யார் வந்தார்கள் என்று விசாரிக்கும் முன்னே, இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று விசாரிக்க வேண்டுகிறேன்.