5-ஜியில் இரண்டு ரகம்! கம்பெனிகள் போட்டியில் பட்டன் போன்காரர் கதி என்ன?

வடமதுரை-

"அண்ணே, நம்ம ஊருக்கு 5-ஜி வந்திருச்சா?"

திண்டுக்கல்-திருச்சி ரோட்டில், வடமதுரையில் ரீசார்ஜ் கடைப் பக்கம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. "எந்த 5-ஜி?" என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் 5-ஜியில் இரண்டு ரகம் உண்டு. ஜியோ எடுத்தது ஒன்று. ஏர்டெல் எடுத்தது வேறொன்று. 2022 அக்டோபர் 1-ந்தேதி டெல்லியில் பிரதமர் மோடி 5-ஜியைத் தொடங்கி வைத்தார். அன்று முதலே இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு பாதையில் போயின.

என்ன வித்தியாசம்?

தனி வீடும் ஒட்டுக்குடித்தனமும்

ஏர்டெல் தொடங்கியது ஒட்டுக்குடித்தனம். டவரில் ஏற்றிய 5-ஜி ஆன்டெனா புதிது. பின்னால் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் "எக்சேஞ்ச்" பழைய 4-ஜி. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், 5-ஜி செட் எது வைத்திருந்தாலும் ஓடும் என்பது அவர்கள் வாதம்.

ஜியோ கட்டியது தனி வீடு. ஆன்டெனாவும் புதிது, எக்சேஞ்சும் புதிது. தொழில்காரர்கள் இதை "எஸ்.ஏ." என்கிறார்கள். ஒட்டுக்குடித்தனத்துக்கு "என்.எஸ்.ஏ." என்று பெயர்.

இதில் நம்மைப்போன்ற கிராமப்புறத்துக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் என்று ஓர் அலைவரிசை. வெகுதூரம் போகும், சுவரைத் துளைத்து வீட்டுக்குள்ளும் வரும். விலை ஜாஸ்தி என்று 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் யாரும் தொடவில்லை. 2022 ஏலத்தில் ஜியோ மட்டும் நாடு முழுவதற்கும் வாங்கிப் போட்டது. ஏர்டெல் வாங்கவில்லை. "எங்கள் 4-ஜி அலைவரிசையே தூரத்துக்குக் கைகொடுக்கும்" என்பது அதன் கணக்கு. இப்போது வீட்டு இணைப்புக்காக ஏர்டெல்லும் தனி வீட்டுக்குக் குடிபோக ஆரம்பித்துவிட்டது. யார் கணக்கு சரி என்பது இதிலேயே பாதி தெரிகிறது!

ரூ.501 போன் ஞாபகம் இருக்கா?

இந்த மாதிரிப் போட்டி நமக்குப் புதிது அல்ல. இருபது வருஷத்துக்கு முந்தி ஒரு முறை நடந்து, ஜனங்கள் கை சுட்டுக்கொண்ட கதை இது.

1995 ஜூலை 31-ந்தேதி கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அதுதான். அது ஐரோப்பாவில் பிறந்த "ஜி.எஸ்.எம்." முறை. தமிழ்நாட்டில் ஏர்செல், பி.பி.எல். எல்லாம் அந்த ரகம்.

அப்புறம் ரிலையன்ஸ் வந்தது. அது எடுத்தது அமெரிக்காவின் குவால்காம் கம்பெனி வளர்த்த "சி.டி.எம்.ஏ." முறை. டாடா இண்டிகாமும் அதே ரகம்.

ஜி.எஸ்.எம். முறையில் ஒருவர் பேச்சை முடித்ததும் அடுத்தவர் என்பது மாதிரி, கண்மூடித் திறப்பதற்குள் முறை வைத்துப் பேச்சு போகும். சி.டி.எம்.ஏ. வேறு. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அதுமாதிரி. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேரம் நடக்கும். அவரவர் ரகசியம் அவரவருக்குத்தான் தெரியும். இடத்துக்கு இடம் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான முறை. பேச்சும் தெளிவாக இருக்கும்.

முதலில் இதற்கு "வட்டாரத்துக்குள் மட்டும்" என்று கட்டுப்பாடு இருந்தது. ஊர்ப் போன் மாதிரி, அந்த வட்டாரத்தைத் தாண்டினால் பேசக்கூடாது! ஜி.எஸ்.எம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2003 நவம்பரில் அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே லைசென்சு என்று சொல்லி வழக்கை முடித்து வைத்தது.

அதே 2003 ஜூலையில்தான் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போனைக் கையில் கொடுத்தது. மீதியை மாதாமாதம் கட்டலாம். அதுவரை பணக்காரர் சட்டைப்பையில் இருந்த சாமான், கொத்தனார் கைக்கும் காய்கறிக்காரம்மா சுருக்குப்பைக்கும் வந்தது. அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு வில்லங்கம். அந்தப் போனில் சிம் கார்டு கிடையாது. நம்பரைச் செட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். கம்பெனி பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போனால் செட்டையும் தூக்கிப்போட வேண்டும்.

2011 ஜனவரி 20-ந்தேதி முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி வந்தது. நம்பர் கூட வந்தது. செட் வரவில்லை!

உலகத்திலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. குவால்காம் கம்பெனியே தன்னுடைய அடுத்த தலைமுறை முறையை 2008-ல் கைவிட்டு, "எல்.டி.இ." பக்கம் சாய்ந்தது. அதுதான் இன்றைய 4-ஜி. 2016-17 வாக்கில் இங்கே சி.டி.எம்.ஏ. சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல வீடுகளில் அந்த செட் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஏர்செல். 2018 பிப்ரவரியில் அது படுத்தபோது தமிழ்நாடே அல்லாடியது. கடை வாசலில் கியூ. நம்பரைக் காப்பாற்ற முடியாமல் வியாபாரிகள் தலையில் கை வைத்தார்கள். ஆனாலும் செட் பிழைத்தது. வேறு சிம்மைப் போட்டார்கள், பேசினார்கள். கம்பெனி செத்தும் போன் சாகவில்லை.

சர்க்காரும் ஏமாந்தது

தனியார்தான் என்று இல்லை. 4-ஜி வருவதற்கு முன் "வைமேக்ஸ்" என்று ஒரு முறை எல்.டி.இ.யோடு போட்டி போட்டது. இன்டெல் கம்பெனி அதைத் தூக்கிப் பிடித்தது. பி.எஸ்.என்.எல். அதை நம்பி இறங்கியது. 2010 ஏலத்தில் வந்த விலைப்படி அலைவரிசைக்கு எட்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கட்டியது. வைமேக்ஸ் உலகம் முழுக்கத் தோற்றது. கடைசியில் பல வட்டங்களின் அலைவரிசையை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க வேண்டியதாயிற்று.

கிராமத்துக்காக ஒரு முறை

இன்னொன்றும் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆட்கள் சேர்ந்து "5-ஜி-ஐ" என்று நம் நாட்டு முறை ஒன்றை உருவாக்கினார்கள். டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இருந்தாலும் சிக்னல் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. பட்டணத்துத் தெருவுக்கு அல்ல, மானாவாரிக் காட்டுக்கு! ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பும் 2021-ல் ஒப்புக்கொண்டது.

ஆனால் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து "வேண்டாம்" என்றன. இந்தியாவுக்கு மட்டும் தனி முறை என்றால் தனி சிப் வேண்டும், செட் விலை ஏறும், வெளிநாட்டு செட் இங்கே ஓடாது என்றன. லாபக்கணக்குப் பேச்சு என்று தள்ளத் தோன்றும். சி.டி.எம்.ஏ. செட் வாங்கியவரைக் கேட்டால் கம்பெனிகள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பார்.

நல்லவேளை, சண்டை முற்றவில்லை. 5-ஜி-ஐயின் முக்கியமான அம்சங்களை உலகப் பொது முறையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தூரத்து டவர் வசதியும் மிஞ்சியது, செட்டும் பொதுவாக இருந்தது. 6-ஜிக்கு இப்போதே பேச்சு நடக்கிறது. அங்கேயும் நம்மவர்கள் பிடிக்க வேண்டிய பிடி இதுதான்.

பட்டன் போன் பிரச்சினை

சரி, 5-ஜியே வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர் கதி? மில்லுக்குப் போகிறவர், ஆடு மேய்ப்பவர், வீட்டுப் பெரியவர்கள் கையில் இன்னும் 2-ஜி பட்டன் போன்தான்.

ஜியோவுக்கு 2-ஜியே கிடையாது. 2-ஜி ஒழிய வேண்டும் என்று முகேஷ் அம்பானி 2020-லேயே பேசினார். ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். 2-ஜியை வைத்திருக்கின்றன. ஜியோ 2023-ல் 999 ரூபாய்க்கு "ஜியோ பாரத்" என்ற 4-ஜி பட்டன் போனைக் கொண்டுவந்தது. விலை குறைவுதான். ஆனால் அதில் ஜியோ சிம் மட்டுமே ஓடும். பழைய 501 ரூபாய்க் கதை லேசாக எட்டிப் பார்க்கிறதா இல்லையா?

பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பர் 27-ந்தேதி உள்நாட்டிலேயே செய்த 4-ஜியைத் தொடங்கியது. அதை 5-ஜிக்கு உயர்த்தலாம் என்கிறார்கள். அதுவும் உலகப் பொது முறைதான்; தனி செட் வேண்டாம்.

ஆகவே அடுத்த செட் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "இதில வேற கம்பெனி சிம் ஓடுமா?" "4-ஜியில பேச்சு வருமா?" இரண்டுக்கும் "ஓடும், வரும்" என்றால் வாங்கலாம். 5-ஜி செட் என்றால் "எஸ்.ஏ. உண்டா?" என்று மூன்றாவதும் கேளுங்கள்.

நெட் வேண்டாதவருக்கு இன்னொரு செய்தி. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுத்தே தீரவேண்டும் என்று "டிராய்" 2024 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.