உப்புக்கல்லுக்கும் முகம் உண்டு

சமையலறையில் கல் உப்பு ஜாடி இருக்கிறதா? நாலு கல்லை உள்ளங்கையில் போட்டு, போன் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். உடையாத கல் என்றால் குட்டிக் குட்டிப் பெட்டியாகத் தெரியும். எண்ணூர் கழிமுகத்து உப்பளமோ, தூத்துக்குடி உப்பளமோ, எங்கே விளைந்தாலும் உப்புக்குப் பிடித்த உருவம் கனசதுரம்தான்.

அதே உப்புக் கரைசலில் போதுமான அளவு யூரியாவைக் கலந்து மெதுவாக ஆவியாக விட்டால் கதை மாறிவிடும். இரண்டு பிரமிடுகளின் அடியை ஒட்டவைத்த மாதிரி, எட்டு முகம் கொண்ட படிகங்கள் வரும். 1783-லேயே பிரெஞ்சுக்காரர் ரோமே தெ லில் இதை எழுதி வைத்துவிட்டார். அவர் பயன்படுத்தியது மூட்டையில் வந்த யூரியா அல்ல, சிறுநீர்! (நீங்கள் செய்து பார்த்தால், அந்த உப்பைச் சமையல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

ஏன் இப்படி? ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும், நெடுக்கே வெட்டினால் நீள நீளமாக வரும். வெங்காயம் ஒன்றுதான், வெட்டு முகம் வேறு. படிகமும் அப்படித்தான். உள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தாலும், எந்தக் கோணத்தில் முகம் அமைகிறதோ அதைப் பொறுத்து வெளியே தெரியும் அணுக்களும் அவற்றின் இடைவெளியும் மாறும். யூரியா சில முகங்களில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமாக வளரும் முகம் ஓரங்களில் குறுகிக் குறுகிக் காணாமல் போய்விடும். மெதுவாக வளரும் முகம்தான் கடைசியில் மிஞ்சி நிற்கும்.

உப்புக்கல்லில் இது வெறும் அழகு விஷயம். ஒரு மில்லிமீட்டர் கல்லில், சுமார் ஆறு லட்சம் அணுக்களுக்கு ஒன்றுதான் வெளியே இருக்கிறது. இரண்டு நானோமீட்டர் உலோகத் துகளிலோ பாதிக்கும் மேற்பட்ட அணுக்கள் வெளியேதான்! அந்த அளவில், எந்த முகத்தைக் காட்டுகிறது என்பதுதான் துகளின் குணமே. வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைத் துகள்களைவிட முக்கோணத் தட்டு வடிவத் துகள்கள் ஈ.கோலை பாக்டீரியாவை வலுவாக எதிர்க்கின்றன என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் டப்பாவின் மேல் ‘நானோ சில்வர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மட்டும் மயங்கிவிட வேண்டாம்.

யூரியா என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு மணலிதான் ஞாபகம் வரும். மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் 1971-லிருந்து அங்கே யூரியா தயாரிக்கிறது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளக்க வேண்டும். லேசில் பிளக்க முடியாத மூலக்கூறு அது. 400 டிகிரிக்கு மேல் சூடு, பயங்கர அழுத்தம், இவற்றோடு இரும்பு வினையூக்கியும் வேண்டும். நானோமீட்டர் கணக்கில் அளக்கும் இரும்புப் படிகங்கள்தான் அந்த வினையூக்கி. அமெரிக்காவில் கபோர் சோமோர்ஜாய் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் இரும்பின் மூன்று முகங்களைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட முகம் 1 மடங்கு அம்மோனியா தந்தால், அடுத்தது 25 மடங்கு. அணுக்கள் இடைவெளி விட்டு நிற்கும் மூன்றாவது முகம் 418 மடங்கு! இரும்பு ஒன்றுதான், முகம்தான் வேறு. இந்த வினை இரும்பின் மேல் எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்று காட்டிய ஜெர்மானியர் கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு, அது உட்பட மேற்பரப்பு வேதியியலில் செய்த ஆய்வுகளுக்காக 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அம்மோனியா உரமாகும்வரை சரி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், சுனாமி வந்த அதே தேதியில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அது கசிந்தது. கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்குப் போகும் குழாய். கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தூங்குகிறவருக்கு மூக்கை நம்பிப் பயனில்லை. விழித்திருப்பவரின் மூக்கும் அந்த நெடிக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

அதனால்தான் உணரி வேண்டும் என்கிறோம், அதாவது சென்சார். துத்தநாக ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்களைச் சூடாக்கி வைப்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றின் மேல் உட்கார்ந்து எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அம்மோனியா வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும், எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும், மணி அடிக்கும். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில்கூடத் துத்தநாக ஆக்சைடு மென்படலங்களை வைத்து அம்மோனியா உணரிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கேயும் முகப் பிரச்னைதான். துத்தநாக ஆக்சைடு ஊசியாக வளர்ந்தால் பக்கச் சுவர் அதிகம் தெரியும், தட்டாக வளர்ந்தால் மேல்முகமும் கீழ்முகமும் அதிகம் தெரியும். ஒரே பொருளைத் தட்டாக வளர்த்தபோது வாயுவை நன்றாகக் கண்டுகொண்டதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் ஆய்வகம் வேறு, எண்ணூர் வேறு. இங்கே வீசுவது ஈரமும் உப்பும் கலந்த கடல்காற்று. அம்மோனியா உட்கார வேண்டிய அதே முகத்தில் நீராவி முதலில் இடம் போட்டுவிடும். நாள் முழுக்கச் சூட்டிலேயே இருப்பதால், கூரான விளிம்புகள் மெல்ல மழுங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதிதாக மாட்டியபோது துல்லியமாக இருந்த கருவி, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பொய் சொல்லலாம். வாங்கி மாட்டுவது சுலபம், அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அடிக்கடி சரிபார்ப்பதில்தான் செலவும் வேலையும் இருக்கிறது.

இன்னொன்று. காற்றில் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு அம்மோனியா என்பது எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்க நிபுணர்கள் வைத்திருக்கும் வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து. அந்த எண் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் மட்டும் ஒளிர்ந்தால் பெரியகுப்பத்து அம்மாக்களுக்கு எப்படித் தெரியும்? குப்பத்துத் தெருமுனையில், டீக்கடைக்கு எதிரே ஒரு பலகையில் அது ஓட வேண்டும். கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் பக்கத்திலேயே போட வேண்டும்.