அந்த மஞ்சள் பக்கத்தைக் கொஞ்சம் படிங்க

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. ஹாஸ்டலில் ராத்திரி எந்த ரூமுக்குப் போனாலும் ஏதாவது ஒரு லேப்டாப்பில் வெளிர் மஞ்சள் கலரில் ஒரு பக்கம் திறந்திருக்கும். பைத்தானில் ஜாங்கோ வச்சு வெப்சைட் பண்றவங்களுக்கு அது என்னன்னு சொல்லவே வேண்டாம். ஜாங்கோவோட எரர் பக்கம்.

அதைப் பார்த்ததும் நாம என்ன பண்றோம்? மேலே பெரிய எழுத்தில் இருக்கிற வரியை காப்பி பண்ணி கூகுளிலோ ஏஐ சாட்டிலோ பேஸ்ட் பண்றோம். அது தர்ற கோடை அப்படியே கொண்டுவந்து ஒட்டுறோம். எரர் போயிடுச்சுன்னா தூங்கப் போறோம். போகலைன்னா இன்னொரு பேஸ்ட்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எரரைச் சரி பண்றது வேற, எரரோட வாயை அடைக்கிறது வேற. நம்மில் நிறைய பேர் ரெண்டாவதைப் பண்ணிட்டு முதலாவதைப் பண்ணினதா நினைச்சுக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால என்ன ஆச்சுன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

முதல்ல அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம். டெர்மினலில் வர்ற டிரேஸ்பேக்கைக் கீழே இருந்து மேலே படிக்கணும். கடைசி வரியில்தான் என்ன தப்புன்னு இருக்கும். அதுக்கு மேலே வரிசையா ஃபைல் பேரும் லைன் நம்பரும் இருக்கும். அதில் பாதிக்கு மேல ஜாங்கோவோட சொந்த ஃபைல்கள், அதையெல்லாம் விட்டுடுங்க. உங்க புராஜெக்ட் ஃபோல்டர் பேர் கடைசியா எங்கே வருதோ, அங்கேதான் முதல்ல பார்க்கணும். இந்த ஒரு பழக்கம் வந்துட்டாலே பாதி ராத்திரி மிச்சம்.

இப்போ நம்ம எல்லாருக்கும் வர்ற நாலு பிரச்சினையைப் பார்ப்போம். நாலிலும் பதில் அந்த எரருக்குள்ளேயே இருக்கும், கவனிங்க.

முதலாவது, 'டெம்ப்ளேட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்'. "ஃபைல் இருக்குடா, கண்ணு முன்னாடியே இருக்கு, இல்லைன்னு சொல்லுது"ன்னு கத்துவோம். அந்தப் பக்கத்திலேயே கொஞ்சம் கீழே போனா, ஜாங்கோ எந்தெந்த ஃபோல்டரில் தேடிப் பார்த்துச்சுன்னு முழு பாத்தோட பட்டியல் போட்டிருக்கும். உங்க ஃபைல் இருக்கிற இடம் அந்தப் பட்டியலில் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆப்போட பேரை 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்'ல சேர்க்க மறந்திருப்பீங்க, இல்லைன்னா ஃபோல்டருக்கு 'டெம்ப்ளேட்ஸ்'னு வைக்காம 'டெம்ப்ளேட்'னு வச்சிருப்பீங்க. இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸில் ஃபைல் பேரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. நம்ம சைட்டை ஹோஸ்ட் பண்ற லினக்ஸ் சர்வர் பார்க்கும். லேப்டாப்பில் ஓடினது டெமோ அன்னைக்கு ஓடாம போறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ரெண்டாவது, 'நோ சச் டேபிள்', இல்லைன்னா 'நோ சச் காலம்'. மாடலை எழுதிட்டோம், மாத்திட்டோம், ஆனா டேட்டாபேஸுக்கு அது இன்னும் தெரியாது. இதில் ரெண்டு படி இருக்கு. 'மேக்மைக்ரேஷன்ஸ்' என்ன மாறணும்னு ஒரு ஃபைலில் எழுதி வைக்கும், அவ்ளோதான். 'மைக்ரேட்' கொடுத்தாதான் டேட்டாபேஸ் நிஜமா மாறும். ரெண்டாவது படி பாக்கி இருந்தா, ரன்சர்வர் ஆரம்பிக்கும்போதே "இத்தனை மைக்ரேஷன் பாக்கி இருக்கு, மைக்ரேட் கொடுங்க"ன்னு டெர்மினலில் கமாண்டோட சேர்த்தே சொல்லும். நாம டெர்மினல் பக்கம் திரும்பினாத்தானே?

இங்கே நம்ம காலேஜ் ஸ்டைல் வைத்தியம் ஒண்ணு உண்டு. டேட்டாபேஸ் ஃபைலையும் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரையும் டெலீட் பண்ணிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறது. எரர் போயிடும், உண்மைதான். கூடவே டீம்மேட் ரெண்டு நாளா உட்கார்ந்து டைப் பண்ணின டேட்டாவும் போயிடும். டீமில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் மாடலை மாத்தினா மைக்ரேஷன்கள் ஒண்ணோட ஒண்ணு மோதும். அப்போ வர்ற மெசேஜே "மெர்ஜ் ஆப்ஷனோட மேக்மைக்ரேஷன்ஸ் கொடுங்க"ன்னு சொல்லுது. தலைவலிக்குத் தலையை எடுக்க வேண்டாம்.

மூணாவது, ஃபார்மை சப்மிட் பண்ணினா 403, 'சிஎஸ்ஆர்எஃப் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்'. பெரும்பாலும் ஃபார்முக்குள்ளே சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் டேக் போட மறந்திருப்போம், ஒரு வரி சேர்த்தா முடிஞ்சது. அந்த 403 பக்கமே எதையெல்லாம் சரிபார்க்கணும்னு வரிசையா சொல்லும். ஆனா சீனியர் கொடுத்த பழைய புராஜெக்டை எடுத்துப் பாருங்க, எத்தனை வியூ தலையில் 'சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட்' உட்கார்ந்திருக்குன்னு. அது தீர்வு இல்லை. கதவு பூட்டு இறுக்கமா இருக்குன்னு கதவையே கழட்டி வைக்கிற வேலை.

அந்தப் பூட்டு எதுக்குன்னு யோசிங்க. நீங்க ஒரு சைட்டில் லாகின் பண்ணியிருக்கீங்க. அதே பிரவுசரில் வேற ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கறீங்க. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமலேயே முதல் சைட்டுக்கு ஒரு ஃபார்மை அனுப்பலாம். பிரவுசர் உங்க குக்கியையும் சேர்த்து அனுப்பிட்டா, சர்வருக்கு அது நீங்களே அனுப்பின மாதிரிதான் தெரியும். டோக்கன் இருந்தா, ஃபார்ம் நிஜமாவே அந்த சைட்டில் இருந்து வந்ததான்னு கண்டுபிடிச்சிடலாம். இப்போ பிரவுசர்களும் இதை ஓரளவு தடுக்குது. அதுக்காக நம்ம பூட்டைக் கழட்டலாம்னு அர்த்தம் இல்லை.

நாலாவதுதான் நான் மாட்டினது. 'டீபக்' செட்டிங்.

ஜாங்கோவில் புது புராஜெக்ட் ஆரம்பிச்சா செட்டிங்ஸ் ஃபைலில் டீபக் 'ட்ரூ'ன்னு இருக்கும். அதுக்கு மேலேயே, சைட்டை லைவ்ல விடும்போது இதை ஆன்ல வைக்காதீங்கன்னு எச்சரிக்கை கமென்ட்டும் இருக்கும். நல்ல பிள்ளையா அதை 'ஃபால்ஸ்'னு மாத்தினா உடனே ரெண்டு பிரச்சினை வரும். ஒண்ணு, 'அலவ்ட் ஹோஸ்ட்ஸ்' காலியா இருந்தா 400 எரர். ரெண்டு, சிஎஸ்எஸ் எல்லாம் காணாம போய் சைட் வெள்ளைப் பேப்பர் மாதிரி நிக்கும். ஏன்னா டீபக் ஆஃப் ஆனதும் ரன்சர்வர் ஸ்டாட்டிக் ஃபைல்களைத் தர்றதை நிறுத்திடும். 'ஸ்டாட்டிக் ரூட்' குறிச்சு, 'கலெக்ட்ஸ்டாட்டிக்' ஓட்டி, ஒயிட்நாய்ஸோ எஞ்சின்எக்ஸோ வச்சு அந்த ஃபைல்களைத் தரணும். அலவ்ட் ஹோஸ்ட்ஸ்ல நம்ம டொமைன் பேரை எழுதணும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் உள்ளே விடக்கூடாது. பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலில் போற லிங்க், ரிக்வெஸ்ட்டில் வந்த ஹோஸ்ட் பேரை வச்சுத்தான் சாதாரணமா உருவாகுது. பொய்யான ஹோஸ்ட் பேரை ஏத்துக்கிட்டா, அந்த லிங்க் வேற யாரோட சைட்டுக்கோ போகும்.

போன வருஷம் ஒரு சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் சைட் நான்தான் பண்ணினேன். டீபக்கை ஆஃப் பண்ணினேன், சிஎஸ்எஸ் போச்சு. அரை மணி நேரம் முட்டி மோதிட்டு திரும்ப ஆன் பண்ணினேன். சைட் அழகா வந்துச்சு. லிங்க்கை குரூப்பில் போட்டுட்டேன்.

ரெண்டாவது நாள் ஒருத்தர் எந்த வருஷம்னு கேட்ட இடத்தில் 3னு போடாம "மூணாவது வருஷம்"னு டைப் பண்ணிட்டார். நான் அதை நேரா நம்பரா மாத்துற மாதிரி எழுதியிருந்தேன், செக் எதுவும் இல்லை. வேல்யூ எரர். அவர் போன் திரையில் அந்த மஞ்சள் பக்கம் வந்துச்சு. அந்தப் பக்கம் எரரை மட்டும் காட்டாது, அந்த நேரத்தில் கோடுக்குள்ளே இருக்கிற வேரியபிள்களையும் காட்டும். ஒரே ஆள் ரெண்டு தடவை பதிவு பண்றாரான்னு பார்க்க, ஏற்கெனவே பதிவு பண்ணினவங்க போன் நம்பரை எல்லாம் ஒரு லிஸ்ட்டில் எடுத்து வச்சிருந்தேன். செட்டிங்ஸ் ஃபைலில் பாஸ்வேர்ட், சீக்ரெட் கீ மாதிரி பேர் இருக்கிறதை ஜாங்கோ தானாவே நட்சத்திரம் போட்டு மறைக்கும். என்னோட லிஸ்ட்டை மறைக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணா, இது என்னன்னே புரியல"ன்னு அவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். முகம் தெரியாத எத்தனையோ பேரோட போன் நம்பர் அதில் வரிசையா இருந்துச்சு. அதில் நிறைய பேர் பொண்ணுங்க. நல்லவேளை, அவர் எனக்கு மட்டும்தான் அனுப்பினார். எனக்கு முன்னாடி வேற யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தாங்களான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. நம்மளை நம்பி நம்பர் கொடுத்தவங்ககிட்ட நான் எதையும் சொல்லலை. சொல்லியிருக்கணும்.

அரை மணி நேரம் போராடினது வீண் இல்லை, இன்னொரு அரை மணி நேரம் உட்காராததுதான் தப்பு. சிஎஸ்எஸ் ஏன் போச்சுன்னு கேட்காம, எப்படித் திரும்ப வரவைக்கிறதுன்னு மட்டும் கேட்டேன்.

"எரர் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, அதான் படிக்க முடியல"ன்னு ஜூனியர்ஸ் சொல்றதைக் கேட்டிருக்கேன். நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். நானும் படிக்கலை. அதனால இது மொழிப் பிரச்சினை இல்லைன்னு தைரியமா சொல்றேன். எரர்னா நம்மளைத் திட்டுதுன்னு ஒரு பயம், சீக்கிரம் அந்தப் பக்கத்தை மூடணும்னு ஒரு கூச்சம், அவ்ளோதான். பார்த்தா மொத்தம் பத்துப் பதினஞ்சு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது: மிஸ்ஸிங், இன்வேலிட், நாட் ஃபவுண்ட், எக்ஸ்பெக்டட், டஸ் நாட் எக்ஸிஸ்ட். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை மனப்பாடம் பண்ணின நமக்கு இது ஒரு விஷயமே இல்லை.

"ஏஐகிட்ட கேட்கவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. தாராளமா கேளுங்க, நானும் கேட்கிறேன். கேள்வியை மட்டும் மாத்துங்க. "இதை சரி பண்ணு"ன்னு கேட்டா சில சமயம் அதுவும் சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட்டையோ நட்சத்திரத்தையோ கொடுத்திடும். "இந்த எரர் ஏன் வருது, இந்தத் தீர்வைப் போட்டா எந்தப் பாதுகாப்பு போகும்?"னு கேளுங்க. பதிலைப் படிச்சிட்டு அப்புறம் ஒட்டுங்க.

"நாளைக்கு ரிவ்யூ, டைம் இல்லை"ன்னு சொல்றதும் நியாயம்தான். நம்ம ரிவ்யூவில் கேட்கிற கேள்வியே "அவுட்புட் வந்துச்சா?"ன்றதுதான். எப்படி வந்துச்சுன்னு யாரும் கேட்கிறதில்லை. அதனால நாமளும் அவுட்புட்டுக்கு மட்டும் வேலை பார்க்கிறோம். ரிவ்யூவில் ஒவ்வொரு டீம்கிட்டயும் "நீங்க சந்திச்ச ஒரு எரரைச் சொல்லுங்க, அது ஏன் வந்துச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். ஸ்டாஃப் யாராவது இதைப் படிச்சா யோசிச்சுப் பாருங்க சார், மேடம். யார் கோடு எழுதினாங்க, யார் பிரிண்ட் எடுத்தாங்கன்னு அந்த ஒரு கேள்வியிலேயே தெரிஞ்சிடும்.

அது வர்ற வரைக்கும் நாமளே ஒண்ணு பண்ணலாம். டீமுக்கு ஒரு நோட் போடுங்க, கூகுள் டாக்ஸா இருந்தாலும் சரி. எரரோட கடைசி வரி, அது ஏன் வந்துச்சு, என்ன பண்ணினோம். ஒரு எரருக்கு மூணே வரி. நான் இந்த செமஸ்டர் முதல் நாள்ல இருந்து எழுதுறேன். அதில் முதல் பக்கம் டீபக் பத்தினது. ஜூனியர்ஸ் யாருக்காவது வேணும்னா கேளுங்க, தர்றேன்.